பச்சை வட்டத்துக்குள் ஒரு வீடு

மரத்தின் நிழல் தப்பான இடத்தில் விழுந்து கிடந்தது.

தம்பி கட்டிய புது வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, கை எட்டாது, துடைப்பத்தை நீட்டினால் எட்டும் என்கிற தூரத்தில் அந்த மரம் நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் பிற்பகல் வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் நிழல் சமையலறைச் சுவரில்தான் விழ வேண்டும். இதற்குப் படிப்பெல்லாம் வேண்டியதில்லை, ஒரு கோழிக்குக் கூடத் தெரியும். ஆனால் சுவர் முழுவதும் வெயில் வழிந்து, புதுப் பூச்சின் வெள்ளை கண்ணைக் குத்தியது. நிழலோ வடக்குப் பக்கத்துக் காலித் திடலில், தடித்த அடிமரம், இரண்டாகப் பிரியும் கவை, தாறுமாறான கிளைகள், இலைகளின் இடைவெளியில் சொட்டுகிற வெளிச்சப் புள்ளிகள் என்று ஒன்றும் குறையாமல் புல்லின் மேல் நீட்டிப் படுத்திருந்தது. அந்த நிழலுக்குப் பக்கத்தில் மரம் எதுவும் இல்லை. வானம்தான் இருந்தது.

அக்கா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். டீ குடிக்கிற நேரத்தில் கண் ஏமாற்றாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி பார்த்தாள். நிழல் அங்கேயே இருந்தது. காற்றடித்தபோது அசைந்தது. ஜன்னலுக்கு எதிரே நின்ற மரம் அசையவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது பேய்ப் பயம் அல்ல, வேலைப் பயம். ஏனென்றால் நிழல் விழுந்திருந்த அந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். மரத்தை அங்கே நகர்த்தி வைத்ததே அவள்தான்.

நகரமைப்பு அலுவலகத்தில் அவள் வரைபடப் பிரிவு. எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள் என்பதால் ஸ்கேல் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஊரின் மேற்கு ஓரத்தில் ஒரு பழங்காடு உண்டு. அது எப்போது முளைத்தது என்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் இருப்பதிலேயே மூத்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால், அதிலும் அந்தக் காடு ஏற்கெனவே கிழடாகத்தான் இருந்தது. அதைக் காப்பாற்ற ஒரு விதி இருந்தது. மூத்த மரம் ஒவ்வொன்றையும் சுற்றி, அடிமரத்தின் குறுக்களவைப் போலப் பதினைந்து மடங்கு தூரத்துக்கு ஒரு வட்டம் போட வேண்டும். வரைபடத்தில் அதற்குப் பச்சை நிறம். வட்டத்துக்குள் வேர் இருக்கிறது. வேருக்கு மேல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. வருகிறவர் மந்திரியின் மச்சானாக இருந்தாலும் வட்டம் வட்டம்தான். நல்ல விதி. அந்த விதியைக் காட்டி அவளே எத்தனையோ பேரைத் தள்ளிப் போய்க் கட்டச் சொல்லியிருக்கிறாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மதிலை வளைத்துக் கட்ட வைத்ததும் அவள்தான்; அந்த மதில் இன்றைக்கும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பதைப் போலத்தான் நிற்கிறது.

பிறகு தம்பி மனை வாங்கினான். அவளைக் கேட்காமல் வாங்கினான். காட்டுக்கு வாசலில் காவல் இருப்பதுபோல் தனியாக நிற்கும் அந்த மரத்தை ஊரில் எல்லோரும் பெரிசு என்பார்கள். பெரிசின் பச்சை வட்டம் அவன் மனையில் முக்கால்வாசியை விழுங்கியிருந்தது.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மூக்குச் சிந்திவிட்டு ஆளாக்கியவள் அவள். சின்னவன் என்றுதான் இன்னும் கூப்பிடுவாள். சின்னவனுக்கு மனைவி வந்து, அவள் வயிற்றில் ஒரு பிள்ளையும் வந்து, வாடகை வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்ட சமயத்தில், “நீ நினைச்சா முடியாதாக்கா?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அந்த வாரமே, பிரிவில் மற்றவர்கள் டீக்கடைக்குப் போயிருந்தபோது, அவள் மவுஸைப் பெரிசின் மேல் வைத்து அழுத்தி, வடக்கே காலித் திடலுக்கு இழுத்து விட்டாள். பச்சை வட்டமும் நல்ல பிள்ளையாக அதன் பின்னாலேயே போனது. ஒரு தும்மல் போடுகிற நேரம் ஆகியிருக்கலாம். மனை சுத்தமாகிவிட்டது. சுத்தமான மனைக்கு அனுமதி கொடுக்க யாருக்கு என்ன தடை?

மரம் புகார் கொடுக்காது என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். மரம் புகார் கொடுக்கவில்லை. அரசாங்கம் சொன்னபடி புது இடத்துக்குப் போய்விட்டது.

அவள் டம்ளரை வைத்துவிட்டுத் திடலுக்கு நடந்தாள். நிழலின் நட்டநடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, காட்டுக் காவலாளி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, வெட்டவெளியில உக்காந்திருக்கீங்க?”

“வெட்டவெளியா? நிழல்ல இருக்கேன்மா.”

“எதோட நிழல்ண்ணே?”

காவலாளி அண்ணாந்து பார்த்தார். பிறகு தம்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். “அதையெல்லாம் நான் கேட்டுக்கிறதில்ல. கேட்டா மேலிடத்துக்கு எழுதணும். எழுதினா என்னைத்தான் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. நிழல் இந்தப் பக்கம் வந்துச்சு, நாற்காலியையும் இந்தப் பக்கம் போட்டேன். விஷயம் முடிஞ்சுது.”

அவர் மடியில் ஒரு பச்சை இலை சுழன்று சுழன்று வந்து விழுந்தது. ஒன்றுமில்லாத வானத்திலிருந்து விழுந்தது. அவர் அதன் காம்பைக் கிள்ளி எடுத்துப் பல் குத்திக்கொண்டார்.

“எப்போலேருந்துண்ணே இப்படி?”

“உங்க தம்பி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டின அன்னிலேருந்து.”

நிழல் எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்துக்குப் போய் அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் பட்டை தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத பட்டை. சொரசொரப்பு, வெடிப்பு, வெடிப்புக்குள் ஈரக் குளிர்ச்சி, மழைக்காலத்து மரத்துக்கே உரிய அந்தப் புளித்த வாசனை. தலைக்கு மேல் எங்கேயோ குருவிகள் சண்டை போட்டன. கையை எடுத்தாள். மணிக்கட்டில் இரண்டு எறும்புகள் ஏறி, வழி தவறிவிட்டதைப் போல நின்றன.

அப்பாடா, மரம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அலுவலகத்துக்காரிக்கு அப்படித்தான் தோன்றும். தாளில் எங்கே இருக்கிறதோ அங்கேயே தரையிலும் இருக்கிறது. இனி யார் வந்து அளந்தாலும் பயமில்லை.

அடுத்தது கொஞ்சம் மெதுவாகத்தான் தோன்றியது. பெரிசு இங்கே இருக்கிறதென்றால்.

திரும்பிப் பார்த்தாள்.

சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயிலில், மரத்தைப் போலவே ஒன்று நின்றது.

அதற்குப் பிறகு அவள் அலுவலகம் விட்டதும் நேரே தம்பி வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. கர்ப்பிணிக்கு ஒத்தாசை என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் வந்தது அதை மேற்பார்வை பார்க்க. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய் நறுக்குகிற சாக்கில், ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் எறும்பு ஏறவில்லை. குருவி உட்காரவில்லை, தாழப் பறந்து வருகிற குருவி அதன் அருகே வந்ததும் கல்லெறிந்தாற்போல் விலகிப் போயிற்று. காட்டிலிருந்து கிளம்புகிற சாயங்காலக் காற்று புல்லை வளைத்து, வேலியைத் தாண்டி, அவள் முந்தானையைத் தூக்கிவிட்டு, சமையலறைத் திரையைப் படபடக்க வைத்துப் போகும். அத்தனைக்கும் நடுவில் அதன் ஒரு இலைகூட அசையாது. மழை பெய்தால் அதிலிருந்து மர வாசனை வராது. பக்கத்தில் போனால் வேறு ஒரு வாசனை லேசாக வரும். மூடி வைத்த அறையில் யாரோ வெகுநேரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிற வாசனை.

தம்பி மனைவிக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது.

“அண்ணி, இந்த மாதிரி நல்ல மரம் யாருக்கு வாய்க்கும் சொல்லுங்க? வாசல்ல ஒரு இலை விழாது. பெருக்குற வேலையே இல்ல.”

“அது பக்கத்துல ரொம்பப் போகாதேம்மா.”

“போகாம எப்படி? மத்தியானம் சாஞ்சு உக்கார்றதே அதுலதான். முதுகுக்கு வெதுவெதுன்னு இருக்கு. ஒத்தடம் குடுக்கிற மாதிரி. உங்க தம்பி அந்த வேலைக்கு ஆகமாட்டாரு.”

“கேட்டியாக்கா? ஒரு மரத்தோட போட்டி போடுற நிலைமைக்கு வந்துட்டேன்,” என்றான் உள்ளேயிருந்து சின்னவன்.

சின்னவனுக்கு அதோடு ஒரே ஒரு தகராறுதான். சமையலறைச் சுவரிலிருந்து அதன் கிளைக்கு அவன் துணி காயப்போடுகிற கொடி கட்டியிருந்தான். கொடி தொய்ந்துகொண்டே இருந்தது. காலையில் இழுத்துக் கட்டினால் மறுநாள் வேட்டி மண்ணில் புரண்டது. கயிறு சரியில்லை என்று நைலான் கயிறு வாங்கினான். நைலானும் சரியில்லை என்று கம்பி வாங்கினான். “கடைக்காரன் நல்லா ஏமாத்துறான்க்கா, கம்பி கூடவா நீளும்?” என்றான்.

கம்பி நீளவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டுச் சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதுவும் தெரிந்தது. ஜன்னலுக்கு எதிரே துடைப்பம் நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நின்ற மரம், இப்போது கையை நீட்டினாலே எட்டியது. அளந்து பார்க்கலாம் என்று பையிலிருந்து டேப்பை எடுத்தாள். சமையலறைச் சுவரில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அதன் மேல் வைக்கப் போனாள். அந்தப் பட்டை, உள்ளே ஒரு மூச்சு போய்வந்ததைப் போல, மெதுவாகப் புடைத்து மெதுவாக அடங்கியது.

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். வாழ்நாளில் முதல் முறையாக ஒன்றை அளக்காமலே நம்பினாள்.

தலைமுடி விஷயம் அதற்கு மறுநாள் நடந்தது. அவள் வந்தபோது தம்பி மனைவி அதன் மேல் சாய்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவிழ்த்துப்போட்ட கூந்தல் பட்டையோடு பட்டையாகப் பரவிக் கிடந்தது. அக்கா தோளைத் தொட்டு எழுப்பினாள். அவள் எழுந்திருக்கப் பார்த்து, “ஆ!” என்று பின்னுக்கு இழுபட்டு, சிரித்தாள்.

“பிசின் ஒட்டிக்கிச்சு போல அண்ணி.”

பிசின் இல்லை. முடி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே போயிருந்தது. பட்டையில் கோடு போல மூடியிருந்த ஒரு வெடிப்புக்குள், ஒரு பிடி முடி, காது வரைக்கும். அக்கா விரலை விட்டு இழுத்தாள். எதிர்ப்பக்கம் யாரோ நிதானமாக இழுத்தார்கள். நூல் கண்டு சுற்றுகிறவர்கள் இழுப்பதைப் போல, அவசரமே இல்லாமல். அவள் ஓடிப்போய்க் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து காதோரமாக வெட்டினாள். மிச்ச முடி வெடிப்புக்குள் போனது. வெடிப்பு மூடிக்கொண்டது.

“அய்யய்யோ அண்ணி, இப்படியா வெட்டுவீங்க! ஒரு பக்கம் மொட்டை மாதிரி இருக்கு!”

அன்று சாயங்காலம் அவள் தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மவுஸ், வட்டம், நிழல், எறும்பு, முடி. அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, “அப்போ மரத்துக்கு நிழல் இல்லன்னு வீட்டை விட்டுப் போகச் சொல்றியாக்கா?” என்றான்.

“அது மரமே இல்லடா.”

“நிழல் விழலைன்னா நல்லதுதானே? மாடியில சோலார் வெச்சுக்கலாம்.”

“சின்னவனே, விளையாடாதே.”

“விளையாடலக்கா. இருக்கிற எல்லாத்தையும் இந்த வீட்டுல போட்டாச்சு. அவ நிறைமாசம். இப்போ போய் யார் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்ற? எனக்காக ஒரு மரத்தை நகர்த்தினே, உனக்கு மனசு உறுத்துது. அதான் இப்படியெல்லாம் தோணுது. ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்கு, சரியாயிடும்.”

அவன் சொன்னது நியாயமாகவும் இருந்தது. அவள் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். வீட்டை ஒட்டி அது நின்றது. கிளைகள் முன்பு வானத்தைப் பார்த்து இருந்தன. இப்போது எல்லாக் கிளைகளும் வீட்டைப் பார்த்து இருந்தன.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் அவளுக்குப் போன் வந்தது. சின்னவன். குரலில் கேலி இல்லை.

“அக்கா. ஒரு கிளை ஜன்னல் கம்பிக்குள்ள வந்திருக்கு.”

“அவ எங்கே?”

“இங்கதான் படுத்திருந்தா. முழிச்சுப் பார்த்தா கை மணிக்கட்டைச் சுத்தி இருக்கு. வளையல் மாதிரி. அரிவாளை எடுத்து வெட்டினேன்க்கா. வெட்டின இடம் சூடா இருக்கு. துடிக்குது.”

“வெட்டாதே. உள் அறைக்குப் போங்க, ரெண்டு பேரும். கதவைச் சாத்திக்கோ. நான் வர்ற வரைக்கும் வெளியில வரக்கூடாது. புரியுதா?”

“நீ சொன்னா சரிக்கா,” என்றான். வாழ்க்கையில் அவன் அக்கா பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் வரைபடத்தைத் திறந்தாள். பெரிசை அழுத்திப் பிடித்து, பழைய இடத்துக்கு இழுத்து விட்டாள். பச்சை வட்டம் பின்னாலேயே வந்து, தம்பி வீட்டின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தது. கணினி சிவப்பாகக் கத்தியது. வட்டத்துக்குள் கட்டடம் இருக்கிற தாளை அது சேமிக்காது. அந்தக் கட்டுப்பாட்டைப் போராடி வைக்கச் சொன்னவளே அவள்தான். வீட்டைத் தள்ளி வைக்கலாமென்றால் மிச்ச மனையில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குத்தான் இடம் இருந்தது. மரமா, வீடா. ஏதாவது ஒன்றுதான்.

அவள் யோசித்தாள். அனுமதி இல்லாத வீடு என்று ஆகும். ஆகட்டுமே. அனுமதி இல்லாத வீடுகள் ஊர் முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கின்றன; சிலவற்றுக்கு மூன்று மாடி. ஒரு நோட்டீஸ் வரும், இரண்டு நோட்டீஸ் வரும், அதற்குள் பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிவிடும். வரையாமல் விட்டது வேறு, வரைந்ததை அழிப்பது வேறு என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டின் மேல் அம்பை வைத்து அழித்தாள்.

தாள் மறுபேச்சில்லாமல் சேமித்துக்கொண்டது. அவள் அதோடு விடவில்லை. நேரே முத்திரை சாரின் அறைக்குப் போனாள். அலுவலகத்தின் பெரிய தலை அவர். முத்திரை என்பது அவருக்குத் தெரியாமல் மற்றவர்கள் வைத்த பெயர். நடந்ததில் பாதியைச் சொன்னாள்: தானே மரத்தை நகர்த்தியதை, இப்போது சரிசெய்துவிட்டதை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த வீடு உங்க தம்பியுது இல்ல?”

“ஆமா சார்.”

“அப்புறம் ஏன்மா?”

“தப்பு தப்புதானே சார். ஒரே ஒரு உதவி. இந்தத் தாளை நிரந்தரமாப் பூட்டிடுங்க. இனிமே என்னால, உங்களால, யாராலயும் அந்த மரத்தைத் தொட முடியக்கூடாது.”

“பூட்டினா பூட்டினதுதான். அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாத்த முடியாது. நல்லா யோசிச்சிட்டீங்களா?”

“யோசிச்சிட்டேன் சார். பூட்டுங்க.”

பூட்டினார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் ஆட்டோ பிடித்தாள். சாலைத் திருப்பத்திலேயே இறங்கி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தாள். வெயில் தணிந்து மஞ்சளாகியிருந்தது. காலித் திடல் காலியாக இருந்தது. அங்கே நட்டநடு வெயிலில் காவலாளி நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

“என்னம்மா, மறுபடியும் மாத்திட்டீங்களா? ஒரு இடத்துல இருக்க விடமாட்டீங்களா மனுஷனை?” என்று முணுமுணுத்தபடி தம்பி வீட்டுப் பக்கம் நடந்தார்.

அங்கே பெரிசு நின்றது. பெரிசேதான். உச்சியிலிருந்து அடிவரைக்கும் காற்றில் சலசலத்தது. குருவிகள் கூச்சலிட்டன. அடிமரத்தில் எறும்புகள் சாரை சாரையாக ஏறின. அதன் நிழல் நீண்டு வீட்டின் சுவரைத் தொட்டது. அந்தப் புளித்த ஈர வாசனையை அவள் நெஞ்சு நிறைய இழுத்தாள். பட்டையில் நெற்றியை வைத்துக் கொஞ்சம் அழுதாள். காவலாளி நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

வீடு இருந்தது. வெள்ளைச் சுவர், ஜன்னல், கொடிக்கம்பி, கம்பியில் துணி. எல்லாம் இருந்தது. அவள் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. கதவு திறந்தது. தம்பி வாசலில் வந்து நின்றான்.

“வாக்கா,” என்றான்.

“ஒண்ணும் ஆகலையே? அவ எங்கேடா? கை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கோம்க்கா. உள்ள வா.”

தம்பி மனைவியும் வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். இருவரும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

அக்கா படியில் ஒரு காலை வைத்தாள். காலை எடுத்தாள்.

தம்பி மனைவியின் கூந்தல் இரண்டு பக்கமும் நீளமாக, ஒழுங்காக, தோளில் கிடந்தது.

பெரிசிலிருந்து ஒரு பெரிய காற்று புறப்பட்டு வந்தது. அவள் முந்தானை பறந்தது. காவலாளியின் தொப்பி உருண்டது. கம்பியில் கிடந்த துணி அசையவில்லை. தம்பியின் சட்டை அசையவில்லை.

“உள்ள வாக்கா.”

அவள் கைப்பையில் போன் அடித்தது. அதைப் பார்க்காமல், அவர்கள் மேலிருந்து கண்ணை எடுக்காமல், துழாவி எடுத்தாள். பிறகு பார்த்தாள். திரையில் எழுதியிருந்தது: சின்னவன்.

காதில் வைத்தாள்.

“அக்கா? கேக்குதா? எங்கக்கா இருக்க? நீ சொன்ன மாதிரி உள்ளயேதான் இருந்தோம். இப்போதான் ஜன்னலைத் திறந்தேன். வெளியில ஒண்ணும் இல்லக்கா. மரம் இல்ல. தரை இல்ல. எல்லாம் வெள்ளையா இருக்கு. செருப்பை எடுத்து வீசிப் பார்த்தேன், விழுற சத்தமே வரல. அக்கா, இவளுக்கு வலி எடுத்திருச்சு. சீக்கிரம் வாக்கா. எந்தப் பக்கம் வரணும்னு யாரையாவது கேட்டுக்கிட்டு வா. அக்கா? அக்கா?”

வாசலில் நின்றது தலையை ஒரு பக்கம் சாய்த்தது.

“யாருக்கா போன்ல?” என்று தம்பியின் குரலில் கேட்டது. வெதுவெதுப்பான உள்ளங்கையை நீட்டியது. “குடு, நான் பேசுறேன்.”